துடைத்த துணியும் வெள்ளித் தகடும்: வெடிமருந்தை ஒளி எப்படிப் பிடிக்கிறது?

காரைக்குடியில் முதுகலை வேதியியல் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "சிங்கப்பூர் போகும்போது விமான நிலையத்தில் அப்பச்சியின் கையை ஒரு துண்டுத் துணியால் துடைத்து மெஷினில் செருகினார்கள். மணி அடித்துவிட்டது. பையைப் பிரித்துக் கொட்டி, மறுபடி துடைத்துப் பார்த்து, அரை மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். அப்பச்சி இதய நோயாளி. முந்தின நாள் தோப்பில் தென்னைக்கு உரம் விட்டதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. நானோ பொருளையும் ஒளியையும் வைத்து வெடிமருந்தைக் கண்டுபிடிப்பதாக எங்கள் சார் சொன்னார். அந்த மெஷின் அதுதானா? இதையே புராஜெக்டாக எடுக்கலாமா?"

முதலில் அப்பச்சி விஷயத்தை முடித்துவிடுவோம். விமான நிலையங்களில் அப்படித் துணியைச் செருகும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கும் ஒளிக்கும் சம்பந்தம் இல்லை. துணியைச் சட்டெனச் சூடாக்குவார்கள். அதிலிருந்து எழும் ஆவியை அயனியாக்கி, ஒரு குழாயில் மின்புலத்தை வைத்து ஓடவிடுவார்கள். எந்த அயனி எத்தனை மில்லி விநாடியில் மறுமுனைக்கு வருகிறது என்பதுதான் கணக்கு. ஓட்டப் பந்தயம் மாதிரி. வந்த நேரம் பட்டியலில் உள்ள வெடிமருந்தின் நேரத்தோடு ஒத்துப்போனால் மணி அடிக்கும். ஓடி வந்தவன் முகத்தை அது பார்ப்பதில்லை.

அதனால்தான் அப்பச்சி மாட்டினார். சொட்டுநீரில் கலந்து விடும் 13-0-45 உர மூட்டை என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதன் நைட்ரேட் பட்டியலில் இருப்பதுதான். இன்னொரு சந்தேகம் சட்டைப் பையில் இருந்திருக்கும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் இருப்பது நைட்ரோகிளிசரினோ அதன் பங்காளியோதான். டைனமைட்டில் ஆல்ஃபிரட் நோபல் போட்ட அதே நைட்ரோகிளிசரின். இதய நோயாளி மாத்திரையைத் தொட்ட விரலோடு போய் நின்றால் மெஷின் வாய் திறக்க வாய்ப்பு உண்டு. அடுத்த முறை மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

சரி, ஏன் துடைக்கிறார்கள்? நாய் மோப்பம் பிடிப்பது போலக் காற்றை உறிஞ்சிப் பார்த்தால் போதாதா? இங்கேதான் ஒரு எண்ணை மனதில் வைக்க வேண்டும். டிஎன்டி தன் மேலே உள்ள காற்றில் எவ்வளவு ஆவியை விடுகிறது தெரியுமா? சாதாரண அறை வெப்பத்தில் நூறு கோடி காற்று மூலக்கூறுக்குப் பத்துக்கும் குறைவு. ஆர்டிஎக்ஸ் இன்னும் கஞ்சன். லட்சம் கோடிக்கு நாலைந்துதான். அதையும் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் வெளியே என்ன வரும்? நாய்கூடப் பல நேரம் வெடிமருந்தை நேரடியாக மோப்பம் பிடிப்பதில்லை, அதோடு சேர்ந்து வரும் கரைப்பான், கலப்பு, பிசின் வாசனையைத்தான் பிடிக்கிறது என்று சொல்வார்கள். இந்தச் சிக்கல் உலக நாடுகளுக்கும் தெரியும். பிளாஸ்டிக் வெடிமருந்தில் எளிதாக ஆவியாகும் ஓர் அடையாளப் பொருளைத் தயாரிக்கும்போதே கலந்துவிட வேண்டும் என்று 1991-இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தமே போட்டார்கள். திருட்டுத்தனமாகச் செய்பவன் அதைக் கலப்பானா என்பது வேறு கதை.

ஆனால் கஞ்சத்தனத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஆவியாகாத பொருள் ஒட்டிக்கொள்ளும். தொட்டவன் விரலில், விரல் பட்ட பை ஜிப்பில், கதவுக் கைப்பிடியில் கண்ணுக்குத் தெரியாத துகளாக உட்கார்ந்திருக்கும். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விரல் ரேகை ஒன்றில் சில மைக்ரோகிராம் தங்குவது சாதாரணம். கருவிகள் அதைவிட ஆயிரம் மடங்கு குறைவானதையும் பார்த்துவிடும். ஆக, துடைப்பதுதான் புத்திசாலித்தனம். துடைத்ததை எதைக் கொண்டு படிப்பது என்பதில்தான் ஒளியும் நானோவும் வருகின்றன.

ஒளியால் படிக்க இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒளிரும் பொருள் அணைவதைப் பார்ப்பது. மற்றது, சிதறும் ஒளியில் மூலக்கூறின் கைரேகையைப் படிப்பது.

முதல் வழிக்கு நம் ஊர்த் திருவிழா சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைந்துவிடும். எலெக்ட்ரிசியன் ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அமெரிக்காவின் எம்ஐடியில் டிமோதி ஸ்வாகர் குழு 1998-இல் இதே குணமுள்ள ஒரு பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறை, செய்து காட்டியது. புற ஊதா ஒளி பட்டால் அந்தப் பாலிமர் பளிச்சென்று ஒளிரும். ஒளியில் கிடைத்த ஆற்றல் ஓரிடத்தில் நிற்காமல் சங்கிலி நெடுக ஓடும். டிஎன்டி மூலக்கூறில் மூன்று நைட்ரோ தொகுதிகள் இருப்பதால் அதற்கு எப்போதும் எலெக்ட்ரான் பசி. சங்கிலியில் எங்காவது ஓரிடத்தில் அது வந்து உட்கார்ந்தால் போதும், ஓடிவரும் ஆற்றலை அங்கேயே விழுங்கிவிடும், சரம் மங்கிவிடும். தனித்தனிச் சாயமாக இருந்தால் ஒரு டிஎன்டி ஒரு சாயத்தைத்தான் அணைக்கும். சரமாக இருப்பதால் ஒன்று வந்து பலவற்றை அணைக்கிறது.

அதில் இன்னொரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பாலிமர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டால் உள்ளே காற்று போகாது, ஒளியும் தானாகவே மங்கும். அதனால் சங்கிலியின் பக்கவாட்டில் பருத்த, வளையாத தொகுதிகளைப் பொருத்தி, இடைவெளி இருக்கும்படி செய்தார்கள். நம் பக்கத்து வீடுகளில் வளவு விட்டுக் கட்டுவது போலத்தான். நடுவில் திறப்பு இருந்தால் எந்த அறைக்கும் காற்று வரும். இதை வைத்து வந்த ஃபிடோ என்ற கருவியை அமெரிக்க ராணுவம் ஈராக்கில் பயன்படுத்தியது. காற்றை உறிஞ்சியே டிஎன்டியைப் பிடித்த அபூர்வக் கருவி அது.

நுண்துளை சிலிக்கானும் இதே அணையும் வேலையைச் செய்யும். பெல் ஆய்வகத்தில் 1956-இல் சிலிக்கானை மின்வேதியியல் முறையில் மெருகேற்றப் போனபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. 1990-இல் லீ கேன்ஹம் அது சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார். ஒரு கன சென்டிமீட்டருக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை நடந்து பார்த்த தரையை ஒரு சர்க்கரைக் கட்டிக்குள் மடித்து வைத்தது மாதிரி. நைட்ரோ ஆவி பட்டால் இதன் ஒளியும் அணையும். ஆனால் ஒன்று, தம்பி: இதைச் செய்ய ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். அது தோலில் பட்டால் பல நேரம் முதலில் வலிக்காது, எலும்பு வரை போன பிறகுதான் வலிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், பழகிய ஆளும் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. முதுகலைப் புராஜெக்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அணையும் வழியின் குறை என்ன? அணைந்தது தெரியும், அணைத்தது யார் என்று தெரியாது. அதோடு எல்லா வெடிமருந்துக்கும் டிஎன்டி மாதிரி பசி கிடையாது. ஆர்டிஎக்ஸ், பிஇடிஎன் என்ற இரண்டு வெடிமருந்துகளும் டிஎன்டியில் இருப்பது போன்ற பென்சீன் வளையம் இல்லாதவை, பாலிமர் அவற்றுக்கு அவ்வளவாக அசையாது. டிஏடிபி என்ற பெராக்சைடு வகையில் நைட்ரோவே இல்லை. அது வந்து உட்கார்ந்தாலும் சரம் பாட்டுக்கு எரியும். அதை உடைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு வெளியே வரவைத்து, அது சாயத்தின் நிறத்தை மாற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே சாவி எல்லாப் பூட்டுக்கும் கிடையாது.

இப்போது எனக்குப் பிடித்த இரண்டாவது வழிக்கு வருகிறேன். இந்த ஊரில் ஓர் ஆய்வகத்தில் பல வருஷம் வெள்ளித் தகட்டோடு மாரடித்தவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று அறிவித்த விளைவு உங்களுக்குத் தெரியும். அவரோடு கூட நின்று வேலை செய்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், நமக்கு எட்டும் தூரம்தான். லேசரை ஒரு பொருள்மேல் அடித்தால் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. அந்த மாற்றத்தை அளக்கும் எண்ணுக்கு அலைஎண் என்று பெயர். டிஎன்டியின் நைட்ரோ தொகுதி 1360 அலைஎண் அருகே கோடு போடும். அம்மோனியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் 1050-க்குப் பக்கத்தில் போடும். பந்தயத்தில் ஓடி வந்தவன் முகத்தை இது பார்க்கிறது. அப்பச்சி கையில் இருந்தது உரமா வெடிமருந்தா என்று இது பிரித்துச் சொல்லியிருக்கும்.

சிக்கல் அந்த "மிக மிகச் சிறு பங்கு". கோடி ஒளித்துகள் சிதறினால் ஒன்றிரண்டு வந்தால் பெரிது. மைக்ரோகிராமுக்கும் கீழே போனால் ஒன்றும் தெரியாது.

1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மார்ட்டின் ஃப்ளீஷ்மன் குழு இதற்கு ஒரு வழியைத் தெரியாமலே திறந்தது. பின்னாளில் 1989-இல் குளிர் அணுச்சேர்க்கை என்று அறிவித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டாரே, அதே ஃப்ளீஷ்மன்தான். அவர் மின்வேதியியல்காரர். வெள்ளி மின்முனையைச் சொரசொரப்பாக்கி, அதில் ஒட்டிய பிரிடின் என்ற கரிமப் பொருளின் ராமன் ஒளியைப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தது. சொரசொரப்பால் பரப்பு கூடியிருக்கும், நிறைய மூலக்கூறு ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். 1977-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் வான் டைனும் ஜான்மேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, பரப்பு அதிகமானதால் மட்டும் இது வரவே முடியாது, ஒளியே லட்சக்கணக்கான மடங்கு பெருகுகிறது என்று தெரிந்தது. வெள்ளியிலும் தங்கத்திலும் உள்ள எலெக்ட்ரான்கள் நானோ மேடுகளில் ஒளியோடு சேர்ந்து ஆடுகின்றன. நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் சந்து இருந்தால் அந்தச் சந்தில் ஒளி குவிந்து கிடக்கும். மூலக்கூறு அங்கே போய் மாட்டினால் அதன் குரல் ஒலிபெருக்கி வைத்த மாதிரி கேட்கும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை வரும். இந்த விளைவு பிறந்தது மின்முனையில். மின்வேதியியலுக்கென்றே நாட்டில் ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கிறதென்றால் அது காரைக்குடியில்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் அன்று திறந்த இடம். அந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்களுக்கு அது வெறும் மரம் நிறைந்த வளாகம்.

தகடு செய்வது பெரிய வித்தை இல்லை. கட்டைவிரல் நகம் அளவு வெள்ளித் தகட்டை மெருகேற்றி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் தொங்கவிட்டு, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். ஏறும்போது வெள்ளி கரைந்து வெள்ளி குளோரைடாக அதன்மேலேயே படியும். முகம் பார்க்கிற பளபளப்பு போய், பால் சிந்தித் துடைத்த கண்ணாடி மாதிரி ஆகும். இறங்கும்போது அது மறுபடி வெள்ளியாக மாறும், ஆனால் பழைய ஒழுங்கு வராது. மேடும் பள்ளமுமாக, வெளிர் பழுப்பு ஏறி நிற்கும். நம் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்குகிறோமே, அதற்கு நேர் எதிர் வேலை. வழவழப்பாக இருந்தால் இங்கே ஒன்றும் கேட்காது.

கேட்கத் தொடங்கிய பிறகுதான் தலைவலி. வெள்ளிக் குத்துவிளக்கை ஆச்சிமார் எதற்கு மாதம் ஒருமுறை திருநீறு போட்டுத் தேய்க்கிறார்கள்? காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கறுப்பதால். என் தகட்டுக்கும் அதே கதிதான். திங்கட்கிழமை செய்த தகடு அடுத்த வாரம் பாதிக் குரலில் பேசும். தங்கம் கறுக்காது, ஆனால் வெள்ளி அளவுக்கு உரக்கப் பேசாது, விலையும் உங்களுக்குத் தெரியும். அடுத்தது, ஒரே தகட்டில் இங்கே அடித்தால் ஒரு குரல், அரை மில்லிமீட்டர் தள்ளி அடித்தால் வேறு குரல். ஆத்தங்குடிப் பூக்கல் கையால் ஊற்றுவது, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது, அதுதான் அழகு. உணரியில் அதே குணம் இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். தகடு தகடாகப் பத்து இடத்தில் அடித்துச் சராசரி எடுப்பதிலேயே என் காலம் போனது.

மூன்றாவது கஷ்டம்தான் பெரியது. ஒளி பெருகுவது உலோகத்தை ஒட்டிச் சில நானோமீட்டருக்குள் மட்டும். மூலக்கூறு பத்து நானோமீட்டர் தள்ளி நின்றால் அது எங்கோ நிற்பதற்குச் சமம். டிஎன்டிக்கு வெள்ளியோடு பெரிய ஒட்டுறவு கிடையாது, ஆர்டிஎக்ஸுக்கு இன்னும் கிடையாது. அதனால் தகட்டில் அமீன் தொகுதி உள்ள ஒரு கொக்கியைப் பூசி டிஎன்டியைப் பிடித்து நிறுத்துவார்கள். அமீனோடு சேர்ந்தால் டிஎன்டி சிவப்பு நிறம் காட்டும் என்பது பழைய வேதியியல். கொக்கியிலும் வினை உண்டு. பலரும் பயன்படுத்திய அமினோதயோஃபீனால் என்ற கொக்கி, லேசர் பட்டதும் வெள்ளிமேல் தானே வேறொரு பொருளாக மாறிப் புதுக் கோடுகள் போட்டது. பல வருஷம் அந்தக் கோடுகளுக்கு வேறு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் புராஜெக்ட் என்றவுடன் எல்லாரும் முதலில் போய் விழுவது அதில்தான். தங்க நானோ துகள் கரைசல். 1857-இல் ஃபாரடே செய்து காட்டிய அதே மாணிக்கச் சிவப்பு. துகள்கள் தனித்தனியாக இருந்தால் சிவப்பு, கூடிவிட்டால் நீலம். டிஎன்டி வந்து கொக்கி வழியாகத் துகள்களை இழுத்துக் கூட்டினால் நிறம் மாறும், கண்ணாலேயே பார்க்கலாம் என்று கட்டுரைகளில் அழகான படங்கள் இருக்கும். ஒருநாள் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி மதியம் கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையைத் துடைத்த பஞ்சை அந்தக் கரைசலில் போட்டார். முப்பது விநாடியில் நீலம். வெடிமருந்து எங்கிருந்து வந்தது? சாப்பிட்ட கையில் மிச்சமிருந்த உப்பு. தங்கத் துகள்களைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கும் மின்னேற்றத்தை உப்பு மறைத்துவிடும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஊறுகாய் தொட்ட விரல் அன்றைக்குத் தீவிரவாதி ஆனது.

அதேபோல் பிக்ரிக் அமிலம். கல்லூரி ஆய்வகங்களில் டிஎன்டி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்த பிக்ரிக் அமிலம் அலமாரியில் இருக்கும். உடனே "வெடிமருந்து உணரி" என்று தலைப்புப் போட்டு, ஒளிரும் கரைசலில் அதைச் சொட்டி, ஒளி மங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். அமிலமே மஞ்சள். நீங்கள் அடிக்கும் ஒளியையும் திரும்பி வரும் ஒளியையும் அதுவே குடித்துவிடும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கு மங்கிவிட்டது என்பது போல. உண்மையாகவே எலெக்ட்ரான் போகிறதா என்று தெரிய, கரைசலின் ஒளி உறிஞ்சலையும், ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற அதன் ஆயுளையும் சேர்த்து அளந்து பார்க்க வேண்டும். ஆயுள் மாறாமல் ஒளி மட்டும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். காய்ந்துபோன பிக்ரிக் அமிலப் பாட்டிலை எங்காவது கண்டால் தொடாதீர்கள், மூடியையும் திறக்காதீர்கள், துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இந்த வேலை நன்றாகவே நடக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் வெடிமருந்து போன்ற உயர் ஆற்றல் பொருள்களுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். அங்கே லேசராலேயே உலோகத்தைச் செதுக்கி நானோ பரப்புகள் செய்கிறார்கள். புனேயில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து செய்த ரெய்டர்-எக்ஸ் 2019-இல் வெளியானது, பொருளைத் தொடாமல் தள்ளி நின்று பார்ப்பது. 2021-இல் ஐஐடி பம்பாயிலிருந்து வந்த நானோஸ்னிஃபர் ஒளியை விட்டுவிட்டு, மயிரிழைக்கும் மெல்லிய நுண்கருவியில் மூலக்கூறு ஒட்டுவதை வைத்துச் சொல்கிறது. துடைத்த துணி வழியில்தான் அதுவும் போகிறது.

இனி உங்கள் புராஜெக்ட். எடுக்கலாம். ஆனால் எத்தனை நானோகிராம் பிடித்தேன் என்ற போட்டிக்குப் போகாதீர்கள், அதில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். சுத்தமான கரைசலைப் புதுத் தகட்டில் சொட்டி எடுத்த எண் விமான நிலையத்தில் நிற்காது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு: வெடிமருந்தே இல்லாத கைகளில் உங்கள் தகடு வாயை மூடிக்கொண்டிருக்கிறதா?

வடிதாளில் வெள்ளித் துகளைப் படியவைத்த சீட்டுகளை ஒரு ஐம்பது செய்யுங்கள். காரைக்குடியில் கிடைக்கும் கைகளையெல்லாம் துடையுங்கள். கைமுறுக்கு சுற்றியவர் கை, திருநீறு பூசிய கை, சந்தனம் அரைத்த கை, தோப்பில் உரம் விட்ட கை, குன்றக்குடி கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்த கை, மாத்திரை எடுத்த கை, தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்திய கை. மத்தாப்பில் நைட்ரேட் உப்பு இருந்தால் 1050 பக்கம் கோடு வரும், அதை நீங்களே பிரித்துக் காட்டலாம். எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் தானே ஒளிர்ந்து ராமன் கோட்டை மூழ்கடிக்கும். பச்சை லேசரை விட்டுவிட்டு 785 நானோமீட்டர் லேசருக்குப் போனால் அந்தத் தொல்லை குறையும். கறுப்புப் பொடி எதன்மேலும் லேசரை நிறுத்தாதீர்கள், சூடேறும். மத்தாப்பையும் கொளுத்தி முடித்த கையைத்தான் துடைக்க வேண்டும், மருந்தைப் பிரித்துக் கொட்டி அல்ல.

அப்பச்சி சம்மதித்தால் முதல் சீட்டை அவர் கையிலேயே துடையுங்கள், உரம் விட்ட மறுநாள். சீட்டுகளைச் செய்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைத்து, ஒவ்வொரு வாரமும் ஒன்றை எடுத்து அளந்து எழுதி வையுங்கள். எத்தனாவது வாரத்தில் கறுக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்.